ஏரிக்கு எருமை கொடுத்த பிலோமினா மிஸ்

பெருங்களத்தூர் ரயில் நிலையத்துக்கு வெளியே பூ விற்கும் வள்ளியம்மாதான் எனக்குச் சொன்னார். சைதாப்பேட்டை அலுவலகத்திலிருந்து மாலை ரயிலில் வந்து இறங்கியிருந்தேன். முழம் போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, “உனுக்கு இன்னும் தெரியாதாம்மா? எருமை டீச்சர் பூட்டாங்களாம். காலைல நெஞ்ச புடிச்சுக்கினு உக்காந்தவங்கதானாம்” என்றார். பூ வாங்க நின்றிருந்த ஒருவர், வெளியூர்க்காரராக இருக்க வேண்டும், அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்துவிட்டார். வள்ளியம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குப் பூ கொடுக்கவே இல்லை.

பிலோமினா மிஸ்ஸுக்கு அந்தப் பெயர் பிடிக்கும். “எல்லா ஸ்கூல்லயும் டீச்சர்தான் பசங்கள எருமைன்னு கூப்பிடுவாங்க. நம்ம ஊர்லதான் உல்டா” என்பார்.

நான் அலுவலக வேலைக்குப் போவதற்கு முன், தாம்பரத்தில் ஒரு பள்ளியில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் ஓவியம், நான் கணக்கு. பரீட்சை நெருங்கும்போது ஓவிய வகுப்பைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வது எங்கள் பள்ளியில் எழுதப்படாத சட்டம். ஆனாலும் கேட்க எனக்கு வாய் வராது. ஆசிரியர் ஓய்வறை வாசலில் போய் நிற்பேன். அவரே தலையைத் தூக்கி, “எடுத்துக்கோ. ஆனா நடுவுல கொஞ்ச நேரம் பசங்கள ஜன்னலுக்கு வெளிய பாக்க விடு. என்ன பாத்தாங்கன்னு எனக்கு வந்து சொல்லு” என்பார். நான் கேட்டு வந்து சொல்வேன். ஒருவன் காக்கா என்றான், ஒருத்தி எதிர்வீட்டு மாடியில் காயும் போர்வை என்றாள். பெரிய செய்தி கேட்பதுபோல அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் நடைபாதை போட்டார்கள். படித்துறைக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. அங்கே எதையாவது வைக்காவிட்டால் லாரியில் கட்டட இடிபாட்டைக் கொண்டுவந்து கொட்டி மேடாக்கிவிடுவார்கள் என்று குடியிருப்போர் சங்கத்துக்குப் பயம். ஏரியின் இன்னொரு ஓரம் அப்படித்தான் மனையாகிக்கொண்டிருந்தது. ரயில்வேயில் ஓய்வு பெற்ற சங்கத் தலைவரின் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். மிஸ் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். “நீ வாயே தொறக்க வேணாம். பக்கத்துல ஒரு ஆள் இருந்தா போதும்” என்றார்.

ஒருவர் தலைவர் சிலை என்றார். எந்தத் தலைவர் என்பதிலேயே காபி ஆறிப்போனது. இன்னொருவர் பிள்ளையார் என்றார். அப்படியானால் எங்களுக்கும் சிலுவை வைத்து ஒரு குருசடி என்று வேறொருவர் ஆரம்பித்தார். அப்போது மிஸ் சொன்னார்: “தண்ணில படுத்திருக்கிற மாதிரி ஒரு எருமை வெக்கலாம் சார். சிமெண்ட்ல நான் செஞ்சு தரேன்.”

சங்கத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “எருமையா மேடம்? நாங்கள்லாம் ரிட்டயர் ஆனவங்க. காலங்காத்தால வாக்கிங் வந்தா எமன் வண்டி எதிர்ல நிக்கணுமா?”

“எமன் ஏறுறது கடா சார். இது பால் எருமை.”

“சாமியும் இல்ல, தலைவரும் இல்ல. அப்புறம் எதுக்கும்மா அது?”

“அதுக்குத்தான் சார். எருமைக்குக் கட்சி கிடையாது.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டதால்தான் ஒத்துக்கொண்டார்கள் என்று இன்றும் நினைக்கிறேன்.

திரும்பி வரும் வழியில், இதனால் என்ன பிரயோஜனம் மிஸ் என்று கேட்டேன். எங்கள் வீட்டில் எந்தப் பொருள் உள்ளே வந்தாலும் அதற்கு என்ன வேலை என்றுதான் முதலில் கேட்போம். எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. “வெச்சிட்டுப் பாப்போம். நீதான் கணக்கு டீச்சராச்சே, நீயே பாத்து சொல்லு” என்றார்.

கோடை விடுமுறையில், ஏரி உள்வாங்கியிருந்தபோது வேலை ஆரம்பித்தது. தெருவுக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்த காலம் அது. வீடு வீடாகப் போய், மிஞ்சிய அரை மூட்டை சிமெண்ட், வெட்டிப்போட்ட கம்பித் துண்டு என்று கேட்டு வாங்கினோம். அதாவது, அவர் கேட்டார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொத்தனார் காசிம் பாய் கம்பி வளைத்து, கோழிவலை சுற்றி, கலவை அப்பினார். “டீச்சர், இத்தினி வருசமா செவுரு நேரா வரலன்னுதான் திட்டு வாங்கிக்கினு இருந்தேன். நீங்கதான் வளைவா வரலன்னு திட்றீங்க” என்று அவர் சொன்னதும், மிஸ் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த எருமையின் கழுத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிச் சரிசெய்ததும் நினைவிருக்கிறது.

ஐப்பசி மழையில் ஏரி ஏறியது. முதலில் வயிறு மறைந்தது, பிறகு முதுகு, கடைசியில் தலையும் கொம்பும் மட்டும் தெரிந்தன. நிஜ எருமைகள் அதன் பக்கத்தில் வந்து படுத்தன. கொக்குகள் வித்தியாசம் பார்க்கவில்லை. பார்த்துச் சொல்ல வேண்டியவள் நான் என்பதால் தினமும் ரயிலுக்குப் போகும் வழியில் சற்று நின்றேன். முதலில் கவனித்தது பேச்சை. “முதுகு முங்கிடுச்சு”, “கழுத்து வரிக்கும் வந்துச்சுப்பா” என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டார்கள். அதற்கு முன் அந்த ஏரியில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று யாரும் பேசி நான் கேட்டதே இல்லை. இரண்டாவது, என் அம்மா. வேலை முடிந்து வரும் அம்மா வழியில் எங்கும் உட்கார மாட்டார். காரணமில்லாமல் ஒரு பெண்பிள்ளை வெளியே உட்காருவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. இப்போது படித்துறையில் இன்னும் சில பெண்களோடு உட்கார்ந்திருந்தார். “எருமைய பாக்க வந்தோம்” என்றார், யாரோ கேட்டுவிட்டதுபோல. மிஸ்ஸிடம் இதைச் சொன்னபோது, “அப்ப ஒரு வேலை செய்யுதுங்கிற” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஆடியில் ஒரு காலை, எருமையின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் இருந்தன. கொம்பு நுனிகளில் எலுமிச்சம்பழம். வைத்தவர் வள்ளியம்மா. பேரனுக்கு அம்மை போட்டிருந்தபோது அந்தப் படித்துறையில் நின்று வேண்டிக்கொண்டாராம், இறங்கிவிட்டதாம். “வேற யாராண்ட வேண்டிக்கிறது? எதுர்ல அதுதான் இருந்துச்சு” என்று என்னிடம் நியாயமாகவே சொன்னார். வேப்பிலை வந்தது, சேலை வந்தது. பிறகு ஒருவர் தகரக் கொட்டகையும் இரும்புக் கம்பிக் கதவும் போட்டுத் தருகிறேன் என்றார். முதுகில் ஏறி உட்கார்ந்த பிள்ளைகளை, “சாமி மேல கால வெக்கிறியா, கண்ணு அவிஞ்சிடும்” என்று விரட்ட ஆரம்பித்தார்கள்.

தலைவருக்கு நிம்மதி. “விடுங்க மேடம், நல்லதுதான். சாமி ஆயிட்டா எவனும் மண்ணு கொட்ட மாட்டான். ஏரி தப்பிச்சுடும்.”

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அதுதான் கஷ்டம். கம்பிக் கதவு போட்டால் கரை தப்பிக்கும். ஆனால் அந்த இடத்தில் யாரும் காலை நீட்டி உட்கார முடியாது, ஈரக் காலோடு ஏற முடியாது, சிலர் உள்ளே வரவே முடியாது. கிறிஸ்தவரான மிஸ் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அது வேறு சண்டையாகிவிடும். ஊர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவரோ ஓய்வறையில் ஒரு நாள் நகத்திலிருந்த சாயத்தைச் சுரண்டிக்கொண்டே, “ஒண்ணு இருந்தா சாமி. நாலு இருந்தா என்ன?” என்று கேட்டார்.

“மந்தை” என்றேன்.

கொட்டகை வேலை தள்ளிக்கொண்டே போய் மழை வந்துவிட்டது. மறுபடி கோடை வந்து தண்ணீர் இறங்கியதும் அவரும் காசிம் பாயும் சேற்றில் இறங்கினார்கள். புதிய எருமைகளில் ஒன்று கொட்டாவி விட்டது. ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு, எதற்கென்று எல்லோருக்கும் தெரியும்படி நின்றது. ஒரு கன்று பழைய எருமையின் வயிற்றை முட்டியது. வாலைத் தூக்கியதைப் பார்த்துத் தலைவர், “மேடம், இது ஓவர்” என்றார். ஆனால் அதற்கு யாரும் குங்குமம் வைக்கவில்லை.

வள்ளியம்மா கோபமாகத்தான் வந்தார். “இன்னா டீச்சர், எதுக்கு இத்தினி?”

“பாவம், அது தனியா கீதே வள்ளி. அதான் தொணைக்கு.” மிஸ் தாம்பரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். வேண்டும்போது அந்தப் பேச்சு தானாக வரும்.

“இப்ப எதுக்குத்தான் பூ வெக்கிறது நானு?”

“உனக்குப் புடிச்சதுக்கு வை.”

வள்ளியம்மா நான்கையும் சுற்றிப் பார்த்தார். பிறகு குனிந்து கன்றின் காதில் ஒரு துண்டுச் சரத்தைச் செருகினார். பூசை செய்ததுபோல இல்லை. பிள்ளைக்குப் பூ வைத்துவிட்டதுபோல இருந்தது. கொட்டகைப் பேச்சு அப்படியே அடங்கிப்போனது. எப்படிப் போட்டாலும் ஒரு எருமை வெளியே நிற்கும்.

மண் லாரி ஒரு முறை வரத்தான் செய்தது. துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களும் எருமை முதுகில் உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து போய் அதன் முன்னால் நின்றார்கள். லாரி திரும்பிவிட்டது. திருப்பியது எருமை அல்ல, அங்கே எந்நேரமும் இருந்த மனிதர்கள்தான். மனிதர்கள் அங்கே எதற்கு இருந்தார்கள் என்று யோசித்தால் மறுபடி எருமையிடம்தான் வந்து நிற்கிறேன்.

பிற்பாடு ஏரியைப் பார்க்க வந்த ஒரு அதிகாரி, “இதுல என்ன மெசேஜ் சொல்ல வர்றீங்க மேடம்?” என்று கேட்டார். “தெரியல சார்” என்றார் மிஸ். “கொஞ்சம் உக்காந்து பாருங்க. ஏதாவது தோணினா எனக்குச் சொல்லுங்க.” பக்கத்தில் நின்ற எனக்கு வியர்த்துவிட்டது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். ரேஷன் கார்டு முதல் மாத்திரை அட்டை வரை தெருவே என்னிடம்தான் கொண்டுவந்து காட்டும். தெரியாது என்று சொன்னால் இவளைப் படிக்கவைத்தது வீண் என்று ஆகிவிடுமோ என்று நடுங்கி வளர்ந்தவள். அவரோ அந்தச் சொல்லை, வந்தவருக்கு நாற்காலி இழுத்துப் போடுவதுபோலச் சொன்னார். அந்த அதிகாரியும் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

அடக்கம் முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடியது. மிஸ்ஸுக்கு மார்பளவுச் சிலை, சுற்றிலும் கம்பி வேலி, வருடத்துக்கு ஒரு மாலை என்று தலைவர் சொன்னார். எல்லோரும் சரி என்றார்கள். அன்புதான், எனக்குத் தெரியும். ஆனாலும் எழுந்தேன்.

“வேணாம் சார்.”

“ஏம்மா?”

“அதுமேல பசங்க ஏற முடியாது.”

யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். “அப்ப அவங்களுக்கு என்னதான் செய்யறது? நீயே சொல்லும்மா” என்றார் தலைவர். கேலியாகக் கேட்கவில்லை. கார் ஷெட் முழுக்க என் பக்கம் திரும்பியது.

“தெரியல சார்” என்றேன்.

பிலோமினா மிஸ்ஸிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த ஒரு சொல்தான். அதைச் சொன்னதும் வெட்கமாக இல்லை என்பதே எனக்கு ஆச்சரியம். தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு யோசித்தார். காசிம் பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வழக்கமாகக் கூட்டத்துக்கே வராத வள்ளியம்மா வாசலில் கூடையோடு நின்று, “பாய், இரு, நான் சொல்றேன்” என்று குறுக்கே புகுந்தார். மிஸ்ஸை அறிந்த நீங்களும் வந்து சொல்லலாம். தண்ணீர் இறங்கி எந்த வேலையும் தொடங்கச் சித்திரை ஆகும். அதுவரை பேசிக்கொண்டிருப்போம்.