படகுக்காரிக்குக் கொடுத்த வாக்கு

போன வாரம் வீட்டுக்கு ஒரு கூரியர் வந்தது. கொண்டுவந்தவர் பெட்டியைக் கையில் எடை பார்த்துவிட்டு, "இன்னா மேடம், டைல்ஸ் ஆர்டர் போட்டீங்களா?" என்றார். புத்தகம் என்றேன். அவர் நம்பவில்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கடலூர் முதுநகரில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கும், முன்நெற்றியில் நரை விழுந்த ஒரு பெண், அட்டையில் டிராகன் நெருப்பு கக்கும் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

உங்களிடம் சொல்வதற்கென்ன, அது ஒரு விளையாட்டின் விதிப்புத்தகம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்வோம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, நான் கதவை உடைக்கிறேன், நான் அரசனிடம் பொய் சொல்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். அது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை முடிவு செய்யும். ஒரே கதை மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஓடும். அப்படி ஓடும் கதைக்கு கேம்பைன் என்று பெயர். எங்கள் கூட்டத்தில் கதை நடத்தியவள் நான்.

இப்போது விதிகள் புதிய பதிப்பாக வந்திருக்கின்றன. என் லேபில் வேலை பார்க்கும் இரண்டு பெண்களும் ஆடிப் பார்க்கலாம் என்று ஆசையாகக் கேட்டதால், புதிதாக ஒரு கேம்பைன் போடலாமென்று நோட்டும் கையுமாக உட்கார்ந்தேன். கதை நடத்துபவருக்கான பகுதியில் ஒரு பக்கம் வந்தது. ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டுமாம், இந்தக் கதையில் எதைத் தொடக்கூடாது என்று. அவர்கள் சொன்னதை எழுதிவைத்துக்கொண்டு கடைசிவரை காப்பாற்ற வேண்டுமாம். படித்ததும் புத்தகத்தை அறைந்து மூடினேன். டீ டம்ளர் குதித்து, டீ மேசையெல்லாம் ஓடியது.

கோபம் புத்தகத்தின்மேல் இல்லை. இதைப் புத்தகம் வந்தா சொல்ல வேண்டும்? சிதம்பரத்தில், கையால் தைத்த ஒரு ஜெராக்ஸ் பிரதியை வைத்துக்கொண்டு நாங்கள் ஆடியபோதே அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தே மீறினோம். அந்தக் கோபம்.

மேசையைத் துடைத்துவிட்டு மறுபடி திறந்தேன். புதுத்தாளில் மை வாசனை. எனக்கு வாசனை என்றால் ஜெராக்ஸ் மிஷினின் சூட்டு வாசனைதான். அப்போது நான் சிதம்பரத்தில் ஒரு லேபில் வேலை பார்த்தேன். தினமும் கடலூரிலிருந்து ரயிலில் போய்வருவேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜமாலின் ஜெராக்ஸ் கடை. பழைய பதிப்பின் விதிப்புத்தகத்தை யாரோ ஒரு மாணவரிடம் இரவல் வாங்கி முழுக்கப் பிரதி எடுத்தவர் ஜமால்தான். "ஆர்வம் ஜாஸ்தியாயிடுச்சு மேடம், மிஷின்தான் சூடாயிடுச்சு" என்பார். கடையின் மாடி அறையில் ஞாயிறு மத்தியானம் கூடுவோம். ஜமால் ஒரு மந்திரவாதி. அவருடைய மந்திரம் பாதி நாள் பலிக்காது. அதற்குப் பகடையைத் திட்டுவார். பகடையை உப்புத் தண்ணீரில் போட்டு எந்தப் பக்கம் மிதக்கிறது என்று சோதனைகூடச் செய்தார்.

மோகன் குமராட்சிக்காரன். வீட்டில் நெல் விவசாயம். அவன் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் வாத்தியார். நல்ல பேச்சுக்காரன், யாரைப் பார்த்தாலும் அப்படியே பேசிக் காட்டுவான். என்னைப் போலவே ரத்தம் எடுப்பதாக நடித்து, "மூச்ச இழுங்க, இழுங்க, ஆச்சு" என்பான். நானே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அந்தத் திறமையை இப்படி வெறுக்கப்போகிறேன் என்று அன்றைக்கு யார் கண்டது?

நாலாவது ஆள் கபிலன். கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துப் பையன், சிதம்பரத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. எங்களில் வயதில் சின்னவன், என்னை அக்கா என்பான். அவன் அம்மா முதுநகர் மார்க்கெட்டில் மீன் விற்றார். ரயிலைப் பிடிக்க ஓடும்போது பல நாள் அவர் குரல் என்னை நிறுத்தியிருக்கிறது. நான் மீன் வாங்க நிற்கவில்லை என்று அவருக்கும் தெரியும். ஆனாலும், "வா கண்ணு, கிட்ட வந்து பாரு, நான் பொய்யா சொல்றேன்?" என்று கூப்பிடுவார். என் பதிலுக்குக் காத்திருக்காமல் மீனின் செவுளைத் தூக்கிக் காட்டுவார்.

எங்கள் கதை ஒரு துறைமுக நகரத்தில் நடந்தது. கொள்ளிடமும் உப்பனாறும் கலந்த மாதிரி ஒரு கழிமுகம், சுற்றிலும் அலையாத்திக் காடு. அதைத் தாண்ட ஒரே ஒரு படகு. அதில் ஒரு படகுக்காரி இருப்பாள் என்பது வரைக்கும்தான் யோசித்து வைத்திருந்தேன். அவள் எப்படிப் பேசுவாள் என்று ஜமால் கேட்டபோது முழித்தேன். கபிலன் சட்டென்று, "நான் பேசுறேன்கா" என்று முந்தானையைச் செருகுவதுபோல் இடுப்பில் கையை வைத்துக்கொண்டான். "ஏறு கண்ணு. எதுவும் தர வேணாம். ஒரு நெஜத்த சொல்லு, படகு தானா நவுரும்."

அவன் அம்மாவேதான். அன்றிலிருந்து அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் படகில் ஏறி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது. பாத்திரத்தின் உண்மை என்று தொடங்கும், போகப்போக எங்கள் சொந்த உண்மையாகிவிடும். கல்யாணம் வேண்டாம் என்று வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது என்று நான் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னது அந்தப் படகில்தான். அப்பாவின் நிலத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று மோகன் சொன்னதும் அங்கேதான். நல்ல படகு அது.

பிறகு கபிலனின் அம்மாவுக்குக் கால் வீங்கியது. ரத்தம் நான் வேலை பார்த்த லேபுக்குத்தான் வந்தது. கிரியாட்டினின் அளவைப் பார்த்துவிட்டு மிஷின் தப்பு என்று நினைத்தேன். மறுபடி போட்டேன். மிஷினில் தப்பில்லை. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டிருந்தது. ஏழு மாதம் டயாலிசிஸ் செய்தார்கள். அதற்குமேல் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து மூன்றாவது ஞாயிறு கபிலன் மாடிக்கு வந்தான். மொட்டையடித்த தலையில் முடி முள்ளாக முளைத்திருந்தது. அவனே நோட்டை என் பக்கம் தள்ளி, "ஆடலாம்கா" என்றான். பிறகு, "ஒண்ணே ஒண்ணு. கதையில யார வேணா சாவடி. படகுக்காரிய மட்டும் ஒண்ணும் பண்ணாத. அவுங்க பாட்டுக்கு அங்க இருக்கட்டும்."

"ஒண்ணும் ஆகாதுடா. சத்தியமா" என்றேன்.

மோகன் பக்கத்தில்தான் இருந்தான். கபிலனின் தோளில் கைபோட்டு, "மச்சான், அவுங்கள தொட்டா நானே விடமாட்டேன்" என்றான். இதை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

அடுத்த வருடம் மோகனுக்குப் புதுச்சேரியில் வேலை கிடைத்தது. விளையாட்டுக்குப் புதிய பதிப்பு வரப்போகிறது என்று பேச்சு. சோதனை விதிகளை இணையத்தில் விட்டிருந்தார்கள். "உன் நோட்டெல்லாம் குடு. புது ரூல்ஸுக்கு மாத்தி, டைப் பண்ணித் தர்றேன். எழுத்து அழிஞ்சி போவுது பாரு" என்றான். ஏழு நோட்டுகள். நான்கு வருட ஞாயிறுகள். ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுக் கொடுத்தேன். சந்தோஷமாகக் கொடுத்தேன் என்பதுதான் இன்னும் எரிகிறது. கபிலனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆறு மாதம் ஆகியும் நோட்டு வரவில்லை. கேட்டால், "பாதி முடிஞ்சிடுச்சு" என்பான். ஒருநாள் ஜமால் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். புதுச்சேரியில் ஒரு காபிக் கடையின் மாடியில், புதிய பதிப்பின் சோதனை விதிகளில் ஒரு கேம்பைன். உண்மை கேட்கும் படகு, கழிமுக நகரம், எல்லாம் இருந்தன. கதை உருவாக்கம், மோகன். என் பெயரை விடுங்கள், நாங்கள் நால்வர் ஆடினோம் என்றுகூட ஒரு வரி இல்லை.

கடையை விட்டு ஜமாலால் வர முடியவில்லை. நானும் கபிலனும் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினோம். வழி முழுக்க நான்தான் கத்திக்கொண்டு வந்தேன். முன்சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். கபிலன், "சண்ட போடாதக்கா, நோட்ட வாங்கிட்டு வந்துடலாம்" என்றான்.

மாடி ஏறும்போதே மோகனின் குரல் கேட்டது. அவன் குரல் இல்லை அது. "ஏறு கண்ணூ... ஒரு நெஜத்த சொல்லூ..." என்று மூக்கால் இழுத்துக்கொண்டிருந்தான். மேசையைச் சுற்றி ஐந்து கல்லூரிப் பிள்ளைகள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவனுக்கு முதுகுப்பக்கமாக நாங்கள் வாசலில் நின்றோம். அவன் படகுக்காரியை மீன் நாறும் சூனியக்காரியாக ஆக்கியிருந்தான். கேட்ட உண்மைகளையெல்லாம் எதிரிகளுக்கு விற்றவள் அவள்தான் என்று தெரிகிற கட்டம். ஒரு பெண் பகடையை உருட்டினாள். பத்தொன்பது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"வெட்டு விழுது. 'ஐயோ கண்ணூ'ன்னு கத்திக்கிட்டே சேத்துல சாயிறா" என்று மோகன் கையை விரித்துச் சாய்ந்து காட்டினான். சாய்ந்த தலை எங்களைப் பார்த்தது.

கபிலன் திரும்பினான். படியிறங்கிப் போனான். செருப்புச் சத்தம் கீழ்வரைக்கும் கேட்டது.

நான் மேசைக்குப் போனேன். மோகன் எழுந்து, "ஏய், வா வா, சொல்லிட்டு வரக்கூடாதா" என்று சிரிக்கப் பார்த்தான்.

"அது யாரோட அம்மான்னு இவுங்களுக்குச் சொன்னியாடா?"

"ஏன் சீன் போடுற? இது கேம்."

"தொட்டா நானே விடமாட்டேன்னு சொன்னது யாரு?"

பிள்ளைகள் திருதிருவென்று முழித்தார்கள். பத்தொன்பது போட்ட பெண் பகடையை மெதுவாக மேசையிலிருந்து எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். மோகனின் முகம் சிவந்தது. ஐந்தாவது நோட்டைப் பிரித்து என் முகத்துக்கு நேராக நீட்டினான். "என்ன மட்டும் கேக்குற. இது யாரு எழுத்து? படி."

என் எழுத்துதான். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தேன். 'படகுக்காரிதான் உளவாளி. கடைசியில் குழு அவளைக் கொல்ல வேண்டி வரும்.' கபிலனின் அம்மா உடம்பு சரியில்லாமல் போவதற்கு வெகுநாள் முன்னால், ஏதோ ஒரு ரயிலில், கதைக்கு ஒரு திருப்பம் வேண்டுமென்று கிறுக்கியது. சத்தியம் செய்த பிறகு அதை அழிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஏழு நோட்டையும் வாரிக்கொண்டு வந்துவிட்டேன். அவன் தடுக்கவில்லை.

கீழே நின்ற கபிலனோடு கடலூர் பஸ் ஏறி, பெண்ணையாறுவரை வந்தோம். பாலத்தில் ஏறியதும் அந்தப் பென்சில் குறிப்பைப் பற்றிக் கபிலனிடம் சொல்லிவிட்டேன். அவன் வெளியே மணலைப் பார்த்துக்கொண்டு, "தெரியும்கா" என்றான். "ஒரு நாள் நீ டீ வாங்கப் போனப்ப நோட்டப் பாத்துட்டேன். அம்மா அப்ப நல்லாத்தான் இருந்தாங்க."

"அப்பவே ஏன்டா கேக்கல?"

"நான் படகுக்காரியா நல்லா பேசுனா நீயே மாத்திடுவன்னு நெனச்சேன். அப்புறம் நீ சத்தியம் பண்ண. சரி, மாத்திட்டன்னு நெனச்சேன்."

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். நோட்டைப் பிடுங்கி ஆற்றில் வீசியிருக்கலாம். அந்த அமைதியை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. மோகனை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன், கடித்த அடுத்த நொடியே கோபம் என்மேல் வருகிறது. அவன் செய்தது துரோகம். அதற்கு வரைபடம் போட்டுக் கொடுத்தது நான்.

அதற்குப் பிறகு மாடியில் யாரும் கூடவில்லை. மோகன் ஒரு முறை மன்னிப்பு என்று நீளமாகச் செய்தி அனுப்பினான். பதில் போடவில்லை, போடுவதாகவும் இல்லை. ஜமால் கடையை மகளிர் தையலகத்துக்கு விட்டுவிட்டு ஊரோடு போய்விட்டார். நான் முதுநகரில் சொந்தமாக லேப் வைத்தேன். கபிலன் இப்போது கடலூரிலேயே சொந்தக் கடை போட்டிருக்கிறான், குழந்தை ஒன்று. தீபாவளிக்கு வீட்டுக்கு வருவான். விளையாட்டைப் பற்றி மட்டும் பேசமாட்டோம்.

புதுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படித்த மறுநாள் அவன் கடைக்குப் போனேன். புதிதாக ஒரு கேம்பைன் போடுகிறேன், வேறு ஊர், வேறு கதை, ஆறோ படகோ கிடையாது, வருகிறாயா என்று கேட்டேன். எதைத் தொடக்கூடாதென்று முதலில் நீ சொல், அதை எழுதிவைத்துவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன் என்றேன்.

ஒரு போனின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. "இல்லக்கா. நீ ஆடு" என்றான். நான் எழுந்தேன். அப்போது சொன்னான்.

"என் பொண்ணு ஆயா எப்பிடி பேசுவாங்கன்னு கேக்குதுக்கா. பேசிக் காட்டலாம்னு வாயத் தொறந்தா மோகன் கொரல்தான் வருது. அந்த இழுவைதான். எவ்ளோ நெனச்சாலும் அம்மா கொரல் வர மாட்டேங்குது. உனக்கு ஞாபகம் இருக்கா? ஒரு தடவ பேசிக் காட்டேன்."

மார்க்கெட்டில் அத்தனை காலை கேட்ட குரல். கடை வாசலில் நின்று கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். செவுளைத் தூக்கிக் காட்டிய விரல் தெரிந்தது. உதடு அசைவதும் தெரிந்தது. வா கண்ணு என்று தொடங்கினேன்.

எனக்கும் அதே இழுவைதான் வந்தது.