முதல் பந்தியில் ஓர் இடம்

ஆதிமூலம் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் ஏற்றும் வண்டி ஓட்டுகிறார். வயது நாற்பத்து மூன்று. போன வருடம் வரை எடை நூற்று முப்பத்தெட்டு கிலோ. சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும் முதல் பந்தியின் நடுவில் அவருக்கு இடம் விட்டுவைப்பார்கள். அவர் சாப்பிடுவதைப் பார்க்கவே எதிர் வரிசையில் உட்காரப் போட்டி நடக்கும். வேறு எதற்காகவும் அவரை யாரும் நடுவில் உட்காரவைத்ததில்லை.

சர்க்கரையும் முட்டிவலியும் முற்றியபோது, இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சைதான் வழி என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முன் மூன்று முறை மனநல ஆலோசகர் சரிதாவைப் பார்க்க வேண்டும். தனியாக இருக்கும்போது எவ்வளவு சாப்பிடுவார் என்று அவர் கேட்டார். தனியாகச் சாப்பிட்டதே இல்லை என்றார் ஆதிமூலம். அப்படியானால் கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களிடம் முன்னதாகவே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள் என்றார் சரிதா. ஆதிமூலம் தலையாட்டினார்.

சொல்லவில்லை. சொன்னால் அந்த இடம் போய்விடும் என்று பயம். பங்குனியில் அறுவை சிகிச்சை முடிந்ததும், குடலிறக்கம் என்று மனைவி மாலாவை விட்டு எல்லோருக்கும் சொல்லவைத்தார். முப்பது கிலோ இறங்கியது. சர்க்கரை ஆளை உருக்கிவிட்டது என்று சொந்தக்காரர்களே பேசிக்கொண்டார்கள்.

ஆவணியில் பிள்ளைச்சாவடியில் மாலாவின் அக்கா மகளுக்குக் கல்யாணம். மாலாவின் தம்பி கலைவாணன் அவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் நடுவில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தான். கேட்காமலே இலையில் ஆறு வடை விழுந்தது. நான்கு வாய் சோறு இறங்கியது. ஐந்தாவது நெஞ்சிலேயே நின்றது. நெற்றி வேர்த்தது.

"இன்னா மாமா, இன்னொரு கல்யாணத்துக்கு எடம் வச்சிருக்கீங்களா?" என்றான் கலைவாணன். எதிர் வரிசை சிரித்தது.

இன்னொரு வாய் வைத்தால் பந்தியிலேயே வாந்தி வரும். ஆதிமூலம் இலையைப் பார்த்தபடி சொன்னார்.

"எறங்காது மாப்ள. குடலெறக்கம்னு சொன்னது பொய்யி. வயித்த அறுத்து சின்னதாக்கிட்டாங்க."

சிரிப்பு நின்றது. பரிமாறியவர் சாம்பார் வாளியோடு அப்படியே நின்றார். கலைவாணன், கை வைத்த எச்சில் இலை என்றும் பாராமல் அவர் இலையிலிருந்து ஐந்து வடைகளை எடுத்துத் தன் இலையில் போட்டுக்கொண்டான்.

"இத நான் பாத்துக்கறேன். நீங்க ரசத்த மெதுவா குடிங்க."

பந்தி தொடர்ந்தது. எதிரில் இருந்தவர்கள் தங்கள் இலையைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

அடுத்த வாரம், சிகிச்சைக்குப் பிந்தைய ஆலோசனைக்குப் போனபோது, சரிதாவிடம் இதையெல்லாம் ஒப்பித்தார். அப்போது பசி இருந்ததா என்று அவர் கேட்டார்.

"பசிக்கல மேடம். எச்சக் கை காஞ்சிபோச்சி. ஆனா கடைசி ஆளு எழுந்திரிக்கற வரைக்கும் ஒக்காந்துதான் இருந்தேன்."

அது எப்படி இருந்தது என்று சரிதா கேட்டார்.

"ஐப்பசில ஒரு கல்யாணம் இருக்கு," என்றார் ஆதிமூலம். "எங்க ஒக்கார வைக்கறாங்கன்னு பாக்கணும்."