அந்தத் துள்ளல் யாருடையது

ஆஸ்பத்திரித் திரையில் கோடு மேலும் கீழும் துள்ளினால் ஆள் இருக்கிறார், நேராகப் படுத்துவிட்டால் போய்விட்டார். நாற்பத்தேழு வயது வரை இதயத்தைப் பற்றி எனக்கிருந்த மொத்தப் படிப்பு அவ்வளவுதான், அதுவும் சினிமா கொடுத்தது. தல்லாகுளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு அதுவே அதிகம் என்று நினைத்திருந்தேன். அந்தப் படிப்பை நம்பித்தான் அக்கா புருஷனின் உயிரோடு விளையாடினேன்.

எழுமலையிலிருந்து பத்திரத்துக்கு நகல் எடுக்க வந்திருந்த மச்சான், கடை ஸ்டூலில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டே, "மாப்ள, என்னமோ அடைக்குதுடா" என்றார். "அக்கா வச்ச கறிக்குழம்பு இன்னும் கோவத்துல இருக்கும் மச்சான்" என்று சொல்லி ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன். பாதி சோடாவில் அவர் சட்டை முழுக்க வியர்வையில் நனைந்ததைப் பார்த்ததும் என் நக்கல்தான் முதலில் ஓடிப்போனது. வண்டியில் பின்னால் உட்காரவைத்து, இரண்டு தெரு தள்ளியிருந்த ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். வாசலில் இறங்கிய மனிதர் இரண்டடி வைத்தார். மூன்றாவது அடிக்குக் கால் வரவில்லை. வெட்டிய மரம்போல முகம் குப்புற விழுந்தார்.

அள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். வாட்ச்மேன் என்னை வெளியே தள்ள, நான் அவர் கக்கத்துக்கடியில் புகுந்து திரைச்சீலைக்குள் நுழைந்துவிட்டேன். டூட்டி டாக்டர் ஒரு பெண். முப்பது வயது இருக்கலாம், என் மகளுடைய சுடிதார் அவருக்குத் தொளதொளவென்று இருக்கும், அவ்வளவு ஒல்லி. அவர் கட்டிலோரம் முக்காலி மேல் ஏறி நின்று, இரண்டு உள்ளங்கையையும் மச்சானின் நெஞ்சில் ஊன்றி, முழு உடம்பையும் போட்டு இடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இடிக்கும் மச்சானின் வயிறு எம்பியது, கால் இரண்டும் ஆடின, கட்டில் சுவரில் மோதியது. வாயில் குழாய். அதன் முனையில் இருந்த பையை ஒரு சிஸ்டர் அமுக்கிக்கொண்டிருந்தார். முருங்கைக்காயை ஒடித்ததுபோல 'மடக்'கென்று ஒரு சத்தம் வந்தது. விலா எலும்பு. டாக்டர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை, இடித்துக்கொண்டே இருந்தார். உடனே இன்னொரு 'மடக்'.

நான் கட்டில் தலைமாட்டில் இருந்த மெஷின் திரையைப் பார்த்தேன். கோடு திருவிழாக் கூட்டம்போலக் குதித்துக்கொண்டிருந்தது! உயிரோடிருக்கிற மனிதனை இந்தப் பெண் அடித்தே கொல்கிறாள் என்று என் சினிமாப் படிப்பு சொன்னது. பாய்ந்து போய் அவர் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டேன். "விடும்மா! ஆளு இருக்காரு! கோடு துள்ளுதுல்ல!"

"யோவ், கைய எடுய்யா!"

"எலும்ப ஒடச்சிட்டியே!"

"டாக்டர், நம்பரு எறங்குது" என்று கத்தினார் சிஸ்டர். திரை ஓரத்தில் பதினாலு என்று இருந்த ஒரு மஞ்சள் எண் எட்டுக்கு வந்திருந்தது. டாக்டர் தலையால் திரையைக் காட்டினார். "நல்லா பாருங்க. இப்பத் துள்ளுதா?"

துள்ளவில்லை. பெரிய அலையெல்லாம் அடங்கி, கோழி கிளறிய மண்போல ஒரு கிறுக்கல் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"அந்தத் துள்ளல் என் கையோடது. உங்க ஆளோடது இல்ல."

சொல்லிக்கொண்டே முழங்கையால் என் நெஞ்சில் ஒன்று விட்டார். குப்பைக்கூடை மேல் போய் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் நான் வாங்கியதிலேயே நியாயமான அடி அதுதான். அவர் மறுபடி இடிக்கத் தொடங்கினார். பிறகு "எல்லாரும் தள்ளுங்க" என்று ஒரு குரல், நெஞ்சில் வைத்த கரண்டில் மச்சானின் உடம்பு கட்டிலை விட்டு எகிறி விழுந்தது, மறுபடி இடி. சிஸ்டர் பையை அமுக்கியபடி எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தார். "பன்னெண்டு டாக்டர். பதினஞ்சு." எனக்குச் சிறுநீர் வந்துவிட்டது என்பதையும் எழுதிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. திடீரென்று சிஸ்டரின் குரல் மாறியது. "முப்பத்தெட்டு!" டாக்டர் கையை நிறுத்தினார். கழுத்தில் இரண்டு விரலை வைத்தார். யாரும் இடிக்காமலே கோடு தானாகத் துள்ளியது.

எங்கள் சாதிசனத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனால் சத்தம் போட்டால்தான் பார்ப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதனால் எழுமலைக்குக் கதை வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. "இவன் போயி ஒரு போடு போட்டான் பாரு, அப்பறந்தேன் டாக்டருங்க ஒழுங்கா வேல பாத்தாக" என்றார்கள். அக்கா என் கையைப் பிடித்து அழுதாள். மச்சான் நான்கு விலா எலும்பு முறிந்த நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள இல்லேன்னா நான் இல்ல" என்று ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்கிறார். சில பெயர்கள் மட்டும் அவருக்கு இப்போது சட்டென்று வருவதில்லை. நானும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பெருமையை வாங்கிக்கொள்கிறேன்.

மச்சானை வீட்டுக்கு அனுப்பிய அன்று மன்னிப்புக் கேட்கப் போனபோது டாக்டர் திட்டவில்லை. அந்த மஞ்சள் எண் என்னவென்று விளக்கினார். மூச்சோடு வெளியே வரும் கரியமில வாயுவின் அளவு அது. இரத்தம் ஓடினால்தான் அந்த வாயு நுரையீரலுக்கே வந்துசேரும், அதனால் ஊசி குத்தாமலே உள்ளே ஓட்டம் இருக்கிறதா என்று சொல்லிவிடும். "எம்புட்டு நேரம்மா பிடிச்சிருந்தேன்?" என்று கேட்டேன். மெஷினில் பதிந்திருந்த நீளத்தாளைப் பிரித்து, பெரிய அலைகள் இல்லாத ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

பதினோரு விநாடி. அவ்வளவு நேரம் மச்சானின் உடம்பில் இரத்தம் ஓடவில்லை. நிறுத்தியது நான்.