சொல்லாமல் கிளம்பிய டாக்டர்

கம்பவுண்டர் வேலையில் பாதி மருந்து கலப்பது. மீதி, ‘டாக்டர் எப்ப வருவாரு?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மிக்ஸ்சர் மருந்து குடித்த உங்களுக்கு என் கம்பவுண்டர் ஜாதியைத் தெரியாமலிருக்காது. ரங்கூனில் குண்டு விழுந்ததும் மதுரைக்குத் திரும்பியவன் நான். மருந்துச் சீட்டின் இங்கிலீஷும் நோயாளியின் தமிழும் தெரியும் என்பதால் வில்லாபுரத்தில் ஒரு டாக்டர் சேர்த்துக்கொண்டார்.

தண்ணீர் மருந்து

காய்ச்சல்காரருக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்பது அன்று வீட்டுக்கு வீடு சட்டம். கொட்டாம்பட்டியில் வெள்ளாமை பார்க்கும் சம்சாரி ஒருவர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நாக்கு வறண்டு வெடித்திருந்தது. “தண்ணி குடுங்க” என்றார் டாக்டர். “ஐயோ, செத்துருவாய்யா!” என்று சம்சாரி காலில் விழுந்தார்.

டாக்டர் வாதாடவில்லை. “கம்பவுண்டர், பெரிய மருந்து நாலு பாட்டில்” என்றார். காய்ச்சி ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் போட்டு, ரோஸ் கலர் ஒரு சொட்டு விட்டு, வேளைக்கு இவ்வளவு என்று காகிதத்தைப் பல்பல்லாக வெட்டிப் பாட்டிலில் ஒட்டிக் கொடுத்தேன். பிறகொரு சந்தை நாளில் மகளை நடத்திக் கூட்டிவந்தார் அவர். “நல்லவேளை, மருந்தாக் குடுத்தீக. தண்ணியக் குடுத்திருந்தா அன்னைக்கே போயிருப்பா.”

எழவு வீடு

மில் தொழிலாளி சங்கையாவுக்குச் சயரோகம், டி.பி. அப்போது அதற்கு மருந்தே கிடையாது. பால், முட்டை, காற்று என்று சொல்லிவிட்டு வருவோம். அவன் மனைவி பேச்சிக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: பிழைப்பானா? டாக்டர் அதற்கு நேராகப் பதில் சொன்னதே இல்லை. கிளம்பும்போது, “நாளைக்கு வாரேன் மாப்ள, கூழுல எனக்கும் பங்கு வையி” என்பார். அந்த ‘வாரேன்’ காதில் விழுந்த பிறகுதான் பேச்சி அடுப்பைப் பற்றவைப்பாள்.

ஒருநாள் குதிரை மிரளுகிறதென்று வண்டிக்காரன் கத்த, டாக்டர் ஒன்றும் சொல்லாமல் ஓடிவந்து ஏறிவிட்டார். எழவு வீட்டில்தான் நம் பக்கத்தில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவார்கள். தெருமுனை தாண்டுமுன் ஒப்பாரி கேட்டது.

“யாரு வீட்லய்யா?” என்றார் டாக்டர்.

“நாம இப்பக் கெளம்பி வந்த வீடுதான்” என்றேன்.

திரும்பி ஓடினோம். பேச்சி மாரில் அடித்துக்கொண்டிருந்தாள், அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி அழுதார்கள், சங்கையா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் ஒரு சொம்புக் கூழை வாங்கிக் குடித்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி, “நாளைக்கும் வாரேன்!” என்று கத்தினார். சங்கையா இருமி முடித்துப் பெண்டாட்டியிடம் சொன்னான்: “எழவு விழுந்தா மொதல்ல எனக்குல்ல புள்ள தெரியும்?”

கிளம்பாத நாள்

ஐப்பசி மழையில் சங்கையாவுக்கு இருமலில் ரத்தம் ரத்தமாக வந்தது. டாக்டர் நாடி பார்த்தார், எழுந்தார், வாசலில் செருப்பைக் காலால் தேடினார். பேச்சி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ‘வாரேன்’ என்றால் பொய். சொல்லாமல் இறங்கினால், கட்டிலில் கண் திறந்து கிடப்பவனுக்கும் அது புரிந்துவிடும்.

டாக்டர் பையைக் கீழே வைத்தார். “டிஸ்பென்சரில நிக்கிறவுகளச் சாயங்காலமா வரச் சொல்லுங்க. எனக்கு இங்க கூழு பாக்கியிருக்கு” என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். மத்தியானம் நான் திரும்பி வந்தபோதும் உட்கார்ந்துதான் இருந்தார். படிக்கிற காலத்தில் முதல் ஆபரேஷனைப் பார்த்துத் தாமே மயங்கி விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சங்கையாவின் உதடு ஒரு பக்கம் கோணியது. சிரிப்புத்தான் அது. பொழுது சாய்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

டாக்டர் அவன் கண்களை மூடினார். வாய் திறக்காமல் செருப்பை மாட்டினார். பேச்சி வாசல்வரை வந்தாள். “இப்பச் சொல்லாமப் போங்கய்யா. அவரு இருக்கையில நீங்க போகல, அது போதும்.”

இந்த வேலையில் எங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் போன நோயாளிகள் எத்தனையோ பேர். நோயாளி உயிரோடிருக்கையிலேயே சொல்லிக்கொள்ளாமல் போய்த் தெருவையே அழவைத்த டாக்டர் எனக்குத் தெரிந்து எங்களவர் ஒருவர்தான்.