வேண்டுதல் தாடி

எனக்குக் கை, கால், கண் எல்லாம் சரியாகவே இருந்தன. அதுதான் என் தொல்லை. பர்மா எல்லையில் ராணுவ லாரி ஓட்டிவிட்டு வந்தவன் நான். எனக்கு முன்னால் போன இரண்டு லாரிகள் குண்டு விழுந்து எரிந்ததை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பார்த்தேன். என் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. அதற்குப் பிறகு தூக்கம் போயிற்று, கை நடுங்க ஆரம்பித்தது, நாள்கணக்கில் பேச்சே வராமல் கிடந்தேன். மனநோய் என்று எழுதி, சிறு பென்ஷன் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் ஊர் ஆவூருக்குப் பக்கம். இரண்டடி தோண்டினால் பாறை. கிணறு வெட்டுகிறவர்கள் வெடி வைத்தபடியே இருப்பார்கள். வெடிச் சத்தம் கேட்டால் நான் எங்கே இருந்தாலும் எதற்காவது அடியில் புகுந்துகொள்வேன். மாட்டுவண்டிக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், ஒரு தடவை சந்தையில் வளையல்காரியின் பலகைக்கு அடியில். வேட்டியும் நனைந்துவிடும். இதை எழுதும்போதுகூட பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். ஊரார் கேலி செய்யவில்லை. வெடி வைக்கும் முன்னால், "பட்டாளத்தாரே, வெடி வைக்கப் போறோம், வீட்டுக்குள்ள போயிருங்க" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். கேலி செய்திருந்தால் சண்டைக்காவது போயிருப்பேன். அந்தக் கரிசனத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

புதுக்கோட்டை சமஸ்தானத்தைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்துக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. போர்டுக்கு வரச் சொல்லி உத்தரவு வந்தது. பென்ஷன் வாங்குகிறவனுக்கு நோய் இன்னும் இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்று ராணுவ டாக்டர்கள் பார்த்துச் சொல்வதற்குப் பெயர் போர்டு. தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பென்ஷன் நின்றுபோகும். எங்கள் வீட்டில் உலை கொதித்தது அந்தப் பென்ஷனில்தான்.

அன்றைக்கு நான் செய்த முட்டாள்தனத்தைப் பட்டாளத்தில் இருந்தவன் மட்டும்தான் செய்ய முடியும். ஆபீஸர் முன்னால் நிற்கப்போகிறோம் என்றதும் முகம் வழித்துக்கொண்டேன், மீசையை ஒழுங்கு செய்தேன். என் மனைவி பித்தளைச் சொம்பில் நெருப்புக் கங்கு போட்டுக் காக்கிச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். பொத்தான்களைப் புளி போட்டு விளக்கினாள். கீரனூரில் நானும் அவளும் பஸ் ஏறியபோது கண்டக்டர் எனக்கு எழுந்து இடம் கொடுத்தார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து போனேன்.

திருச்சியில் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு கால் இல்லாத ஹவில்தார் உட்கார்ந்திருந்தார். அவரும் எங்கள் பக்கம்தான், விராலிமலைக்காரர்.

"ஒனக்கு என்னப்பா?" என்றார்.

"தலையில."

அவர் என் தலையில் தழும்பைத் தேடினார். அந்த மனிதருடைய இல்லாத காலைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். வெட்கக்கேடுதான், ஆனால் பட்டேன்.

டாக்டர் இந்துஸ்தானியில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்து நின்று, "டீக் ஹை, சாப்" என்றேன். தூக்கம் வருகிறதா? டீக் ஹை, சாப். பயம் உண்டா? இல்லை, சாப். ஆபீஸர் நலம் விசாரித்தால் நன்றாக இருக்கிறேன் என்பதைத் தவிர வேறு பதில் எங்களுக்குப் பழக்கமில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் அதையே சொன்னவர்கள் நாங்கள். டாக்டர் சந்தோஷப்பட்டு எனக்குக் கை கொடுத்தார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசலில் நின்ற மனைவி, "என்னங்க சொன்னாங்க?" என்றாள்.

"நல்லா இருக்கேனாம்."

அவள் ஊர் வந்து சேரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு விஷயம் உறைத்தது பென்ஷன் நின்ற பிறகுதான்.

அவள் கடலை பிடுங்கப் போனாள், களை எடுக்கப் போனாள். நான் ஒரு லாரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே பக்கத்தில் ஒரு டயர் வெடித்தது. லாரிக்கு அடியிலிருந்து என்னை இழுத்து வெளியே கொண்டுவர இரண்டு பேர் வேண்டியிருந்தது. முதலாளி நல்லவர், பார்த்துப் போங்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தார். மறுநாள் நான் போகவில்லை.

வாத்தியார் ஒருவரைப் பிடித்து மனு எழுதிப் போட்டோம். மறுபடியும் போர்டுக்குக் கூப்பிடுவதாகப் பதில் வந்தது. இதற்குள் என் மனைவி விராலிமலைச் சந்தையில் அந்த ஹவில்தாரைப் பார்த்து நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். அவர் அவளைச் சத்தம் போட்டிருக்கிறார்: "சட்டையத் தேய்ச்சு மாட்டி அனுப்புனா எவம்மா நம்புவான்? எனக்குக் கால் இல்லன்னு பாத்தாலே தெரியுது. அவன்கிட்ட வெளிய என்ன தெரியுது?"

அன்றைக்கு வந்தவள் சவரக் கத்தியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். "ஏங்க, இனிமே முகம் வழிக்க வேணாம்" என்றாள்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "என்னையப் பைத்தியமாக்கப் பாக்குறியா? நான் பைத்தியம் இல்லடி."

"இல்லதான். நல்லாவும் இல்லையேங்க" என்றாள்.

தாடி வளர்ந்தது. ஊரில் கேட்டவர்களிடம் அந்தோணியாருக்கு வேண்டுதல் என்று சொல்லிவிட்டாள். வேண்டுதல் என்ன என்று கேட்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை, நிறைவேறிய பிறகுதான் கேட்பார்கள். என்னைப் பார்த்தால் பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்த மரியாதைக்கு நடுவில் நடந்துபோவதற்குப் பேசாமல் வண்டிக்கு அடியிலேயே கிடந்துவிடலாம் போலிருந்தது.

இரண்டாவது போர்டுக்குப் பழைய வேட்டியில் போனேன். இந்தத் தடவை வேறு டாக்டர், மனைவியையும் உள்ளே வரச் சொன்னார். அவர் கேட்டதும் என் குதிகால்கள் தாமாகவே சேர்ந்தன. "டீக்..." என்று ஆரம்பித்துவிட்டேன். மனைவி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு அவளே சொன்னாள். தமிழ் தெரிந்த ஆர்டர்லி ஒருவன் அதை ஒவ்வொன்றாக டாக்டருக்கு மொழிபெயர்த்தான்.

"வெடி போட்டா கட்டிலுக்கடியில போயிருவாருங்க. வேட்டி நனைஞ்சிரும். ராவுல எந்திரிச்சு நின்னு, தீயப் பாரு தீயப் பாருன்னு கத்துவாரு. நான் கையப் புடிச்சா என்னையவே யாருன்னு கேப்பாரு."

கடைசியாகச் சொன்னது எனக்கே தெரியாது. அதுவரை அவள் என்னிடம் சொல்லவே இல்லை. அந்த அறையில், ஒரு ஆர்டர்லி வாயால் இந்துஸ்தானியில் இன்னொரு தடவை அதைக் கேட்டேன்.

டாக்டர் என்னைப் பார்த்து, இவள் சொல்வது நிஜமா என்றார். போன தடவை ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டார். ஆமாம் சாப் என்றேன். இரண்டாவது கேள்விக்குத் தலை குனிந்து நின்றேன். தாடி அரித்தது. நோய் அத்தனையும் நிஜம், அந்தத் தாடி ஒன்றுதான் பொய். ஆனால் பிடிபட்ட திருடன் மாதிரி எனக்கு வேர்த்தது. வேஷம் போட்டவன் சொல்லும் நிஜமும் வேஷம் போலவே காதில் விழுகிறது.

பென்ஷன் திரும்ப வந்தது. அடுத்த போர்டு வரைக்கும்தான் என்ற நிபந்தனையோடு.

தாடியை எடுக்கிறேன் என்று கத்தியைக் கேட்டேன். அவள் தரவில்லை. "கோயில்ல போயித்தான் எடுக்கணும்" என்றாள்.

"ஊருக்குச் சொன்ன பொய்தானே?"

"ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடியே அவருகிட்ட வேண்டிக்கிட்டேங்க" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்குப் போனோம். தெரிந்தவர்கள் பத்துப் பேர் கூடவே வந்தார்கள். வேப்ப மரத்தடியில் மொட்டையடித்துத் தாடியையும் எடுத்தார்கள். சந்தனம் பூசினார்கள். பூசைக்கு உதவியாக இருக்கும் கோயில்பிள்ளை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்டார்.

"கேட்டது கெடச்சுச்சாங்க?"

என் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். புருஷன் பைத்தியம் என்று நாலு பேர் நம்ப வேண்டும் என்று ஒரு பெண் புனிதரிடம் முட்டிபோட்டுக் கேட்டிருக்கிறாள். அதை நான் எப்படிச் சொல்வேன்?

"கெடச்சுச்சுங்க" என்றேன்.

எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு கிழவர் என் மொட்டைத் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் தலையைத் தடவிப் பார்த்தேன். அடுத்த போர்டுக்குள் முடியும் தாடியும் நன்றாக வளர்ந்துவிடும் என்று நினைப்பு ஓடியது. பக்கத்தில் நின்ற அவளும் என் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.