கை காட்டிய விடைகள்

எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்குச் சுரம் சொல்லிக்கொடுத்தது என் மாமி, அப்பாவின் தங்கை. பாட்டின் நடுவில் வாயால் சொல்ல முடியாதென்று கையாலேயே காட்டுவார். மூடிய கை ‘டோ’. சாய்ந்த கை ‘ரே’. மட்டமாய்ப் படுத்த கை ‘மி’. பெருவிரல் கீழே பார்த்தால் ‘ஃபா’. பரீட்சையில் பத்து ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கும் அ, ஆ, இ, ஈ என்று நாலே விடைகள். குழுவில் பாடிய நாங்கள் ஐந்து பேர் ஒன்பதாம் வகுப்பில் இருந்தோம். இதற்கு மேல் எங்களுக்கு யாராவது வந்து சொல்லித்தர வேண்டுமா?

அரைப்பரீட்சையில் அதைச் செய்தது ஷைனிக்காக. அறிவியலில் இன்னொரு தடவை தோற்றால் நாகர்கோவில் ஹாஸ்டலில் போட்டுவிடுவேன் என்று குவைத்திலிருந்து அவள் அப்பா சொல்லியிருந்தார். ஷைனி இல்லாத பள்ளிக்கூடத்தை என்னால் நினைக்கவே முடியவில்லை. அவள் உயரம். வகுப்பில் நான் முன் பெஞ்சு, அவள் கடைசி பெஞ்சு. பாடும்போது எனக்கு நேர் எதிர் வரிசை. எல்லாரும் சேர்ந்து அவளைக் காப்பாற்றுவதென்று முடிவானது. அறிவியல் எனக்கு வரும் என்பதால் கை என்னுடையது.

பரீட்சையன்று மேற்பார்வைக்கு உள்ளே வந்தது மாமியேதான். எங்கள் பள்ளியில் அவர் கணக்கு டீச்சர். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஹாஸ்டலை நினைத்துக்கொண்டு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். முதல் கேள்வியிலிருந்து வரிசையாகக் காட்டினேன்.

எட்டாவது கேள்வியில் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது.

“ஏட்டி ஷைனி, அவ கையில என்ன சொரம்?”

“டோ, டீச்சர்.”

பயத்தில் என் கை ‘மி’யிலேயே விறைத்துப்போய் நின்றது. மாமி என் கையையும் ஷைனியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பாத்து எழுதுகதுக்கும் கண்ணு வேணும் மக்கா” என்று மட்டும் சொன்னார்.

திட்டத்தில் இருந்த ஐந்து பேருக்கும் அந்தப் பத்து மதிப்பெண் போயிற்று. அன்று சாயங்காலம் மாமி ஷைனியைக் கையோடு கூட்டிக்கொண்டு தக்கலை பஸ்ஸில் ஏறினார். திரும்பி வந்ததும் குவைத்துக்குப் போன் செய்தார். எங்களை விட்டுவிட்டு அவளை மட்டும் காட்டிக்கொடுத்துவிட்டாரே என்று இரண்டு நாள் நான் மாமியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஹாஸ்டல் பேச்சு அதற்குப் பிறகு எழவே இல்லை. அது ஏனென்று நான் யாரிடமும் கேட்கவும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷைனி தடித்த கண்ணாடியோடு பாட வந்தாள். பாட்டு முழுக்க மாமியின் கையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாளாம், என் பக்கத்தில் நின்றவள் சொன்னாள். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஷைனி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

“ஏட்டி, நீ பாடும்போ கண்ண மூடிக்கிடுவியா?”

இரண்டு வருஷம் எனக்கு நேர் எதிரே நின்று பாடியவள். ஒரு தடவைகூட என்னை அவள் பார்த்ததில்லையா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கையை உதறிவிட்டு, அவளோடு பேசாமல் முன்னால் நடந்தேன்.