அலுமாரித் திறப்பு

கனடாவின் வடக்கே சுரங்க முகாம்களில் கூலிக்கு அலைந்த காலத்தில் துவக்கு, அதாவது துப்பாக்கி, வைத்திருக்க லைசென்ஸ் எடுத்திருந்தேன். அது தெரிந்துதான் அல்பேர்ட்டாவில் தனியாக இருந்த அண்ணை போன் எடுத்தார். வேலை முடிந்து ரொறொன்ரோவில் மில்லிக்கன் பக்கம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

"என்ர வேட்டைத் துவக்கை உன்ர பேருக்கு மாத்தித் தாறன். வந்து எடுத்துக்கொண்டு போ."

எனக்குக் கால் உளைந்தது. "தம்பிக்குக் குடுக்கிறதெண்டாலும் லைசென்ஸைச் சரிபார்த்து அனுமதி எடுக்கோணும் அண்ணை. பிறகு பூட்டுப் போட்டு இவ்வளவு மாகாணம் தாண்டி வரோணும். உதென்ன கோழிக்குஞ்சே, கூடையில கொண்டு வர?"

"எல்லாம் விசாரிச்சிட்டன். நீ வந்தால் போதும்."

"சம்மருக்கு வாறன்."

"சம்மர் தூரமடா. அண்ணி செத்த பிறகு துவக்கு அலுமாரிப் பூட்டின்ர திறப்பு என்ர பொக்கெற்றிலதான் கிடக்கு. கை சும்மா சும்மா அங்க போகுது."

பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

"சாகிற யோசனையோ அண்ணை?"

"ஓம்" என்றார்.

அவரோடு வேட்டைக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் லைசென்ஸ் இருந்தது. அவரை உடனே கூப்பிடச் சொன்னேன். அவர் வந்து துவக்கை எடுத்துக்கொண்டு, அண்ணையையும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போகும்வரை நான் போனை வைக்கவில்லை. அடுத்த நாள் விமானம் ஏறினேன்.

துவக்கு முறைப்படி அந்த மனிதரின் பேருக்கே மாறியது. அண்ணைதான் என்னோடு ரொறொன்ரோ வந்தார். இங்கே டொக்டரிடம் போய்வருகிறார்.

ஊர் ஊராகத் திரிந்தவன் நான். எத்தனையோ பேரிடம் 'பிறகு வாறன்' என்று சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தச் சொல் வாயில் வரும்போது கொஞ்சம் தயங்குகிறேன். அண்ணையின் கை இன்னமும் பொக்கெற்றுக்குள் போகிறது. அங்கே என் பேஸ்மென்ற் திறப்பு கிடக்கிறது.